கோடு விழுவதற்கு முன்

காலை ஏழே கால் மணி. நுண்ணோக்கியில் கண்ணை வைத்ததும் முதலில் தெரிந்தது, வெளுத்த வட்டம் ஒன்றின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நீண்டிருந்த ஒரு கோடு. குட்டையானது, மங்கலானது. கண்ணாடியை யாரோ நகத்தால் கீறியது போல இருந்தது.

"கோடுதானே?" என்று பக்கத்தில் நின்ற மனைவி கேட்டாள்.

"கோடுதான்."

"ஓரத்துல தடிச்சிருக்கா?"

"தடிச்சிருக்கு."

"அப்ப இதுவும் போச்சு." கண்ணாடித் தட்டை எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்த முட்டையை உடைத்தாள். அதிலும் கோடு இருந்தது.

எழுபதுகளின் நடுவில் ஒரு மே மாதம். இடம், அடையாற்றில் ஓர் ஆராய்ச்சிக்கூடம். மனைவி பெண்கள் கல்லூரி ஒன்றில் விலங்கியல் ஆசிரியை. டாக்டர் பட்டத்துக்காக விடுப்பில் இருந்தாள். நான் நாளிதழ் நிருபர். பதினொரு மணிக்கு அலுவலகம் போனால் போதும் என்பதால், மயிலாப்பூரிலிருந்து அவளையும் முட்டைக் கூடையையும் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவது என் பொறுப்பு. எதை எங்கே பார்க்க வேண்டும் என்று அவள் சொல்லிக் கொடுத்திருந்தாள். அவள் கண் தனக்கு வேண்டியதைப் பார்த்துவிடுமோ என்று அவளுக்கே சந்தேகம். அதனால் முதலில் என்னைப் பார்க்கச் சொல்வாள்.

ஆராய்ச்சியை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். சேவலோடு சேர்ந்த கோழி இடும் முட்டையில், மஞ்சள் கருவின் மேல் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். ஆயிரக்கணக்கான உயிரணுக்கள் அதில் உண்டு. ஆனால் எது இதயம், எது மூளை, எது இறகு என்று இன்னும் முடிவாகியிருக்காது. எந்த அணுவும் எதுவாகவும் ஆகலாம். அடைகாக்கும் சூடு பட்ட சில மணி நேரத்தில் பொட்டின் மேல் ஒரு கோடு விழும். கோடு விழுந்தபின் அவையவை தம்தம் வழியில் போய்விடும். கோடு விழுவதற்கு முன் பொட்டை இரண்டாக வெட்டினால் இரண்டு பாதியும் இரண்டு முழுக் கருவாக வளர வேண்டும். விழுந்தபின் வெட்டினால் ஒரு பாதி கருவாகும், மறு பாதி வெறும் சதையாக நிற்கும். அவளுடைய ஆய்வு முழுவதும் அந்த முதல் வகை வெட்டில் நின்றது. வேண்டியதெல்லாம் கோடு விழாத பொட்டு.

அன்று இட்ட முட்டையில் கோடு இருக்காது, அறையில் சில நாள் வைத்திருந்தாலும் விழாது என்று ஆங்கிலப் புத்தகத்தில் போட்டிருந்தது. எங்கள் முட்டைகளில் ஏப்ரல் நடுவிலிருந்து தினமும் விழுந்தது.

வழிகாட்டிப் பேராசிரியர் கோபக்காரர் அல்ல. கெடு வைப்பதைக்கூட விசாரிப்பது போலத்தான் செய்வார். "ஜூன்ல உங்க காலேஜ் திறந்துடறதில்லையா? அதுக்குள்ள ஒரு முட்டையிலேர்ந்து ரெண்டு கரு காட்டுங்கோ. இல்லேன்னா நண்டு வகைப்பாட்டுக்கு மாறிடலாம். நண்டு யாரையும் ஏமாத்தாது" என்றார். நண்டுகளின் மேல் மனைவிக்கு எந்தப் புகாரும் இல்லை. ஆனால் இரண்டு வருஷமாகக் கத்தி பிடித்துப் பழகிய கை அவளுடையது. திரும்பி வரும் வழியில் ஸ்கூட்டரின் பின்னாலிருந்து, "ஏன்னா, நண்டுக்கு எத்தனை கால்?" என்று கேட்டாள். பத்து என்றேன். "அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும். மிச்சத்தையெல்லாம் முதல்லேர்ந்து படிக்கணும்" என்றாள்.

பொட்டை வளர்க்க, அதை ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வை ஒரு கண்ணாடி வளையத்தின் மேல் இழுத்துக் கட்ட வேண்டும். வெளிநாட்டு வளையங்களுக்கு அனுமதி வாங்குவதற்குள் கல்லூரியே திறந்துவிடும். பாண்டி பஜாரில் ஒரு வளையல் கடையில் கைக்குழந்தைக்கான கண்ணாடி வளையல்களைக் கேட்டோம். பூ வேலை இல்லாமல், நிறமில்லாமல்.

"கொயந்தைக்கு எத்தினி மாசம்மா ஆவுது?" என்று கடைக்காரர் கேட்டார்.

"இன்னும் ஒரு நாள்கூட ஆகலை."

"அடடே. அப்போ இன்னும் சின்னதா எடுக்கலாமே. இது கொயந்த கைல ரொம்பப் பெர்சா இருக்கும்."

"பரவாயில்லை, ஒரு டஜன் கொடுங்கோ."

"டஜனா? இன்னாம்மா, ரெட்டையா?"

"ரெட்டையாத்தான் இருக்கணும்னு பாக்கறோம்" என்றாள் மனைவி. கடைக்காரர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, கட்டும்போது ஒரு வளையல் கூடுதலாக வைத்தார்.

முட்டை சாந்தோமிலிருந்து வந்தது. மாதா கோயிலுக்குப் பின் தெருவில் ஒரு பள்ளிக்கூட டீச்சர் கொல்லையில் நாட்டுக் கோழி வளர்த்தார், சேவலும் உண்டு. காலையில் அவர் பூசைக்குப் போய் அப்படியே பள்ளிக்கூடம் போய்விடுவார். விடுமுறையிலும் அவருக்கு ஏதோ வகுப்பு இருந்தது. அதனால் நான் மாலையில் அலுவலகத்திலிருந்து திரும்பும்போது வாங்கி வருவேன். மதியம் இட்டவை மட்டும்தான் தருவார். "ஆம்லெட்டுன்னா சேவல் இருக்கா, எப்ப போட்டதுன்னு யாரும் கேக்க மாட்டாங்க தம்பி. நீங்க பொண்ணு பாக்குற மாதிரி கேக்குறீங்க" என்பார்.

ஆராய்ச்சிக்கூடத்தை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். முட்டை இரவு முழுவதும் எங்களோடுதான் இருக்க வேண்டும். நாங்கள் இருந்தது மயிலாப்பூரில் ஒரு வீட்டின் மாடிப் பகுதி. கீழே வீட்டுக்காரரும் மாமியும். வாடகைக்கு வரும்போதே மாமி சொன்ன நிபந்தனை இரண்டு. கிணற்றடியில் துணி உலர்த்தக் கூடாது, முட்டை மாமிசம் ஆத்துக்குள் வரக் கூடாது. இரண்டாவது எங்களுக்கும் பழக்கமானதுதான். நாங்களும் வீட்டில் முட்டை பார்த்து வளர்ந்தவர்கள் இல்லை. எனவே கூடையை வாசல் பக்கம் மாடிப்படிக்கு அடியில், மண்ணெண்ணெய் டின்னுக்குப் பின்னால் வைத்து மேலே சாக்கு போட்டு மூடுவோம். அது வீட்டுக்கு வெளியே என்று நாங்களாகத் தீர்மானித்திருந்தோம்.

மே மாத நடுவில் ஒரு சனிக்கிழமை மாலை டீச்சர் உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். அதனால் மறுநாள் காலை பூசைக்கு முன்பாகவே போய் முட்டையை வாங்கி, நேராக அடையாற்றுக்குப் போனோம். முந்தின மதியம் இட்டவை. இரவு முழுவதும் டீச்சரின் சமையலறைத் தரையில், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஈரத்தில் இருந்தவை. நான் கண்ணை வைத்தேன். வட்டம் மட்டும் இருந்தது.

"கோடு?"

"இல்லை."

"சரியாப் பாருங்கோ."

"இல்லைம்மா. வழவழன்னு இருக்கு."

அவள் வெட்டினாள். வெட்டு நன்றாகவே விழுந்தது. மதியம் மின்சாரம் போய், வளர்ப்புப் பெட்டி ஆறி, அது கெட்டுப் போயிற்று. அதற்காக அவள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டே வேறு எதையோ யோசித்தாள். வீட்டுக்குக் கிளம்பும்போது ஆராய்ச்சிக்கூடத்து வெப்பமானியைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

படிக்கட்டின் அடி மேற்குச் சுவரை ஒட்டியது. பிற்பகல் வெயில் முழுவதையும் அந்தச் சுவர் வாங்கி வைத்துக்கொள்ளும். சாக்குக்கு அடியில் வெப்பமானியை வைத்து, சாப்பிட்டுவிட்டு வந்து எடுத்தாள். முப்பத்து நான்கு டிகிரி காட்டியது. அடைகாக்கும் சூட்டைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். "ஏன்னா, கோழி வேலையை மாடிப்படி பண்ணிண்டிருக்கு. ராத்திரி பூரா நாமளே அடைகாத்து, காலம்பற போய் ஐயோ கோடுன்னு அழுதுண்டிருக்கோம்."

புத்தகத்தில் சொல்லியிருந்த அறை குளிர்நாட்டு அறை. எங்களுக்கு வேண்டியது வீட்டுக்குள்ளே, பின்கட்டில், வெயில் தொடாத ஓர் இடம். அதற்கு மாமியைக் கேட்க வேண்டும். மாடியைக் காலி செய்யச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தோம். கல்லூரி திறக்க மூன்று வாரம் கூட இல்லை என்பதையும் யோசித்தோம். மறுநாள் காலை மாமி பின்கட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது இருவரும் போய் நின்றோம். மனைவி ஆராய்ச்சியில் தொடங்கி முட்டைக்கு வருவதற்கு வெகுநேரம் ஆயிற்று.

மாமி முறத்தைக் கீழே வைத்தார். "படிக்கடியில சாக்கு போட்டு மூடியிருக்கேளே, அதானே? சித்திரை பொறந்ததுலேர்ந்து பாத்துண்டிருக்கேன்."

"தெரியுமா மாமி?"

"கண்ணு இருக்கேடி எனக்கு. உங்காத்துக்காரர் பேப்பர் ஆபீஸ்ல பழகிண்டுட்டார், மாடில பொரிக்கப் போறார்னு நெனச்சேன். தெனம் மூக்கை வெச்சுண்டு ஒக்காந்திருந்தேன். ஒரு நாளும் வாசனையே வரலை. சரி, பச்சையா முழுங்கறார் போலருக்குன்னு விட்டுட்டேன்."

"ஏன் மாமி கேக்கலை?"

"கேட்டா நீங்க உண்மையைச் சொல்லுவேள். அப்பறம் நான் காலி பண்ணச் சொல்லணும். மாடிக்கு நல்ல மனுஷா கெடைக்கறது என்ன லேசா?" என்றார். பிறகு மனைவியிடம், "அது திங்கறதுக்கு இல்லையே?" என்று கேட்டார்.

"இல்லை மாமி. வளக்கறதுக்கு."

"வளக்கறதுன்னா என்ன? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போறது. சமையலுள்ளுக்குள்ள வேண்டாம். பெருமாளுக்கு நேரா வேண்டாம். கிணத்தடித் தாழ்வாரத்துல வெச்சுக்கோ. ஆமா, ஒண்ணை வெட்டினா ரெண்டாகுமா நெஜமா?"

"ஆகணும் மாமி."

"ஆனா எனக்குக் காட்டணும்."

வாய் உடைந்த ஒரு பானையில் மணலை நிரப்பி நனைத்து, அதில் கூடையை இறக்கி, ஈரத்துணியால் மூடி, கிணற்றடித் தாழ்வாரத்தில் வைத்தோம். துணி காய்ந்தால் யார் நனைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தபோதெல்லாம் அது ஈரமாகவே இருந்தது. வெப்பமானி இருபத்தாறைத் தாண்டவில்லை. அன்றிலிருந்து கோடு விழவில்லை.

முதல் சில முட்டைகளில் சவ்வு கிழிந்தது. ஒன்றில் ஒரு பாதி மட்டும் வளர்ந்தது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை வெட்டியதை வியாழக்கிழமை காலையில் பார்க்கப் போனோம். மனைவி வழக்கம்போல என்னை முதலில் பார்க்கச் சொன்னாள். வளையத்துக்குள், ஒரே சவ்வின் மேல், சிறிய இடைவெளி விட்டு இரண்டு கருக்கள் கிடந்தன. இரண்டுக்கும் தலை இருந்தது. முதுகின் இரு பக்கமும் சிறு கட்டைகள் வரிசையாக இருந்தன. இரண்டிலும் நடுவில் ஏதோ அசைந்தது.

"ரெண்டு இதயம்" என்றேன்.

அவள் என்னை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். நெடுநேரம் எழுந்திருக்கவில்லை.

நான் ஸ்கூட்டரில் போய் மாமியை அழைத்து வந்தேன். மடிசாரோடு பின்னால் உட்கார்ந்து, சாந்தோம் நெடுஞ்சாலை முழுவதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். நுண்ணோக்கியில் ஒரு கண்ணை வைத்து மறு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டார். "அடிச்சுக்கறதுடி! ரெண்டும் அடிச்சுக்கறது!" என்று உரக்கச் சொன்னதில், அடுத்த அறையிலிருந்த பேராசிரியர் வந்துவிட்டார்.

அவர் மாமியை வணங்கி, இடம் கேட்டு வாங்கிப் பார்த்தார். "ரெண்டும் ஒரே முட்டையா?"

"ஒரே முட்டை, சார். ஒரே சவ்வுல இருக்கு, பாருங்கோ."

பார்த்தார். "இன்னும் சில தடவை பண்ணுங்கோ. ஆனா எழுத ஆரம்பிச்சுடலாம். லீவு நீட்டிக்கறதுக்கு உங்க பிரின்சிபாலுக்கு நானே சொல்றேன்" என்றார். போகும்போது வாசலில் நின்று, "நண்டை வேற யாருக்காவது கொடுத்துடறேன்" என்றார்.

மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்துச் சான்றாக வைக்க வேண்டுமென்றால் கருக்களை அந்த நிலையிலேயே பதப்படுத்த வேண்டும். மாமியை வீட்டில் விட்டுவிட்டு நான் திரும்பியபோது மனைவி புட்டிகளைத் திறந்து வைத்திருந்தாள். பிற்பகல் மூன்று மணிக்கு இரண்டையும் ஃபார்மலினில் இறக்கினாள். வலது பக்கத்து இதயம் முதலில் நின்றது.