ஆற்றில் விழாத லெட்டி

டார்க்கஸ் வோய்ல் படித்துத் திருப்பியனுப்பிய நாவல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் செயின்ட் பால் தேவாலயத்தின் கூரையைத் தொட்டுவிடலாம் என்று அவள் தங்கை ப்ரூ கேலி பேசுவாள். முழுப் பொய்யென்றும் சொல்ல முடியாது. அந்தத் தேவாலயத்தின் நிழல் விழும் பேட்டர்நாஸ்டர் ரோ என்ற லண்டன் தெருவில்தான் பாஸ்க் பதிப்பகம் இருந்தது. அங்கே வந்து குவியும் கையெழுத்துப் பிரதிகளை வாசித்து, இதைப் போடலாம், இது வேண்டாம் என்று முதலாளிக்குச் சொல்வது அவள் வேலை. போடலாம் என்று முடிவானவற்றுக்கு ஒட்டடை அடிப்பதும் அவள்தான். முதல் பாகத்தில் செத்துப்போன சமையற்காரன் மூன்றாம் பாகத்தில் வந்து தேநீர் ஊற்றினால், அவனை மறுபடி புதைக்க வேண்டியது டார்க்கஸின் பொறுப்பு.

மகாராணி கணவனை இழந்து கறுப்பு உடுத்தத் தொடங்கி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. டார்க்கஸுக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா டோர்செட்டில் ஒரு ஏழைப் பாதிரியார். அவர் காலமானபின் அக்காளும் தங்கையும் லண்டனுக்கு வந்து, இஸ்லிங்டனில் இரண்டு அறை எடுத்துக்கொண்டு பிழைத்தார்கள். ப்ரூ பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தாள். டார்க்கஸ் வாசித்தாள். நீ எழுதுவாயா என்று அவளை யாரும் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

பாஸ்க் பதிப்பகத்தைத் தூக்கி நிறுத்தியிருந்தவர் செப்டிமஸ் ஹார்ன். அவருடைய தொடர்கதை பாஸ்க்கின் பத்திரிகையில் மாதாமாதம் வரும். முடிந்ததும் மூன்று பாகப் புத்தகமாக வரும். சந்தா நூலகங்கள் வண்டி வைத்து அள்ளிக்கொண்டு போகும். அவருடைய கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அச்சுக் கோப்பவர்கள் அதைப் பார்த்தாலே தலையில் அடித்துக்கொள்வார்கள். பல வருஷங்களாக அதைத் திருத்தமாகப் படியெடுத்துக் கொடுத்தது டார்க்கஸ். அவர் எந்த இடத்தில் மழையைக் கொண்டுவருவார், எந்த இடத்தில் வாசகனை ஒரு சிரிப்புச் சிரிக்கவிட்டு உடனே அழவைப்பார் என்பதெல்லாம் அவளுக்குத் தன் வீட்டுப் படிக்கட்டு மாதிரி பழகியிருந்தது.

அந்த வருஷம் ஓடிக்கொண்டிருந்த கதையில் கம்பளி வியாபாரி ஒருவனுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் சொன்னபடி கேட்பவள். இளையவள் லெட்டி, ராணுவ அதிகாரி ஒருவனை நம்பி ஓடிப்போய், அவன் கைவிட, கையில் ஆண் குழந்தையோடு ஊர் திரும்புகிறாள். அப்பன் கதவைச் சாத்திவிட்டான். லெட்டி என்ன ஆவாள் என்று ஊரெல்லாம் பேச்சு. மீன் கடையில் பேசினார்கள். குதிரை வண்டியில் முன்பின் தெரியாதவர்கள் பேசிக்கொண்டார்கள்.

அப்போதுதான் ஹார்ன் காலைச் சாப்பாட்டு மேஜையில் முட்டையை உடைக்கப் போனவர், கரண்டியைத் தவறவிட்டு அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். வலது கையும் வாயும் போயிற்று.

முதலாளி பாஸ்க் டார்க்கஸைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். எப்போதும் நின்றுகொண்டே பேசுகிற மனிதர் அன்று அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

"கதை நின்னா பத்திரிகையும் நின்னுடும், மிஸ் வோய்ல். மிச்சத்தை நீங்க எழுதணும்."

"நானா?"

"இத்தனை வருஷம் அவர் எழுத்துலயே குடியிருந்திருக்கீங்க. அவர் எங்க தும்முவார்னுகூட உங்களுக்குத் தெரியும்."

"அவர் பேர்ல நான் எழுதினா அது ஊரை ஏமாத்தறது இல்லையா, மிஸ்டர் பாஸ்க்?"

"அவர் சம்சாரம் சம்மதிச்சாச்சு. மனுஷன் எழுந்து உக்காந்தா அப்பப் பார்த்துக்கலாம். முடிவு என்னன்னு என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கார். லெட்டி ஆத்துல குதிச்சுடறா. அப்பன் மனசு உடைஞ்சு பேரனைக் கூட்டிக்கிறான். அங்க கொண்டுபோய்ச் சேர்த்தாப் போதும்."

டார்க்கஸ் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். முதல் பகுதி அச்சாகி வந்தது. யாருக்கும் ஒரு சந்தேகமும் இல்லை. இரண்டாவது வந்தபோது, ஹார்ன் இவ்வளவு நன்றாக எழுதிப் பல நாளாயிற்று என்று ஒரு நாளிதழ் எழுதியது. அதை அவள் இரண்டு தடவை வாசித்தாள். சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. அது வேறொருவர் வீட்டு விலாசத்துக்கு வந்திருந்தது.

கடைசிப் பகுதிக்கு முந்தின பகுதியில் லெட்டி பாலத்துக்கு வந்தாள். அங்கே வந்தவள் நின்றுவிட்டாள். டார்க்கஸ் தண்ணீரை எழுதினாள், பனியை எழுதினாள், கைப்பிடிச் சுவரின் ஈரத்தை எழுதினாள். லெட்டி நகரவில்லை. டார்க்கஸ் வாசித்த நாவல்களில் கெட்டுப்போன பெண்கள் எல்லாரும் தண்ணீரில் விழுந்தார்கள், அல்லது இருமி இருமிச் செத்தார்கள். ஆனால் அவள் தெருவிலேயே அப்படி ஒருத்தி இருந்தாள். காய்கறிக் கடைக்காரரின் அக்காள் மகள். கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தவள் எந்த ஆற்றிலும் விழவில்லை. வாரத்தில் பாதி நாள் அடுத்தவர் வீட்டுப் படிக்கட்டைத் தேய்த்தாள். மீதி நாள் கடையில் நின்று முட்டைக்கோஸ் அழுகல் என்பவர்களோடு மல்லுக்கு நின்றாள்.

"இன்னும் பாலத்துலயேவா நிக்கிறா?" என்று ப்ரூ அடுப்பில் கரி போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஆமா."

"பிள்ளை எங்க?"

"இடுப்புல."

"இந்தக் குளிர்லயா? இருமல் பிடிச்சுக்கும் அக்கா. முதல்ல வீட்டுக்கு அனுப்பு, அப்புறம் என்ன வேணா பண்ணு."

டார்க்கஸ் பேனாவை மையில் தோய்த்தாள். பிறகு குனிந்து எழுதினாள். பாலத்தின்மேல் பிள்ளை இருமினான். லெட்டி தன் சால்வையை அவிழ்த்து அவனைச் சுற்றினாள். வந்த வழியே திரும்பி நடந்தாள். கடைசிப் பகுதியில் அதே ஊரில், அப்பன் வீடு இருக்கும் அதே தெருவில், தொப்பி தைத்து விற்க ஆரம்பித்தாள். அப்பன் எதிர்ப்பக்க நடைபாதையில் போனான். ஒருநாள் பேரனைப் பார்க்காத மாதிரி பார்த்தான். கதை அதோடு முடிந்தது.

பாஸ்க் வாசித்துவிட்டுத் தாள்களை மேஜைமேல் வைத்தார்.

"என்னம்மா இது? செத்துப்போக வேண்டியவ கடை வச்சிருக்கா."

"அவ குதிக்க மாட்டேன்னுட்டா."

"நூலகத்துக்காரன் என்ன சொல்வான்? பொம்பளைப் பிள்ளைங்க வாசிக்கிற கதை. தப்புப் பண்ணினவ தொப்பி வித்து நல்லா இருக்கான்னு நாம சொல்லித் தரோமா?"

"நல்லா இருக்கான்னு நான் எழுதலையே. இருக்கான்னுதான் எழுதியிருக்கேன்."

வேறு எழுத நேரமில்லை. அச்சகத்தில் ஆட்கள் காத்திருந்தார்கள். பாஸ்க் முணுமுணுத்துக்கொண்டே அனுப்பிவைத்தார்.

கடிதங்கள் சாக்கு சாக்காக வந்தன. ஹார்னைக் கர்த்தர் தண்டிக்காமல் விடமாட்டார் என்று ஒரு பாதிரியார் எழுதினார். பத்திரிகையை நிறுத்திவிட்டதாகச் சிலர் எழுதினார்கள். பிரெஸ்டன் ஊரிலிருந்து ஒரு நெசவாளி கோணல்மாணலான எழுத்தில் எழுதியிருந்தார்: 'ஐயா, ஞாயிற்றுக்கிழமை என் மகளை உள்ளே வரச் சொன்னேன்.' அவ்வளவுதான் கடிதம். பாஸ்க் அதைக் கொண்டுவந்து டார்க்கஸின் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

வசந்தம் வந்தபோது ஹார்னுக்குப் பேச்சு திரும்பியது. நாக்கு தடித்த பேச்சு, ஆனாலும் பேச்சு. ரிச்மண்டில் இருந்த அவருடைய வீட்டுக்கு டார்க்கஸை வரச்சொல்லி ஆள் வந்தது. திருமதி அடிலா ஹார்ன் வாசலிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முழுசும் வாசிச்சுக் காட்டச் சொன்னார். காட்டிட்டேன். ரெண்டு நாளா என்னோடகூடப் பேசலை. நீங்க மனசுல வச்சுக்காதீங்க, மிஸ் வோய்ல்."

ஹார்ன் ஜன்னலோரத்தில் போர்வை மூடி உட்கார்ந்திருந்தார். மெலிந்து, ஒரு பக்கம் கோணிப்போயிருந்தார். கண் மட்டும் பழையது.

"என் வீட்டுக்குள்ள நுழைஞ்சு," என்றார், ஒவ்வொரு சொல்லாக, "சாமானை எல்லாம் இடம் மாத்தி வச்சிருக்கீங்க."

"ஆமா சார்."

"யாரைக் கேட்டு?"

"கேக்கற நிலைமையில நீங்க இல்லை. இருந்திருந்தா நான் எழுதியிருக்கவே மாட்டேன்."

அவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "புத்தகமா வர்றப்ப என் முடிவுதான் வரணும். லெட்டி சாகணும். என் கை எழுதாது. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

டார்க்கஸ் மறுத்திருக்கலாம். சொல்வதை எழுத வேறு ஆள் கிடைக்காமலா போவார்கள்? ஆனால் வேறு யாரோ லெட்டியை எழுதுவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கதை அவருடையது என்பதிலும் அவளுக்குச் சந்தேகம் இல்லை. தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, பேனாவை எடுத்தாள்.

ஹார்ன் சொல்லச் சொல்ல எழுதினாள். மழை வந்தது, அவள் எதிர்பார்த்த இடத்திலேயே. லெட்டி பாலத்துக்கு வந்தாள். கைப்பிடிச் சுவரில் கை வைத்தாள். அங்கே ஹார்ன் நின்றார். சொல் கிடைக்காமல் வாய் திறந்து திறந்து மூடியது. டார்க்கஸுக்கு அந்தச் சொல் தெரியும். எடுத்துக் கொடுக்கவில்லை. லெட்டிக்காக அவளால் அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

"அவளைத் திருப்பினீங்களே," என்றார் ஹார்ன் திடீரென்று. "எதை வச்சுத் திருப்பினீங்க? அடிலா வாசிச்சப்ப சரியாக் காதுல விழலை."

"பிள்ளை இருமினான்."

"பிள்ளையையும் கூட்டிட்டு வந்தாளா?"

"வேற யார்கிட்ட விட்டுட்டு வருவா?"

ஹார்ன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். புல்வெளிக்கு அப்பால் தேம்ஸ் நதி வெயிலில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. "எனக்குப் பிள்ளை ஞாபகமே வரலை," என்றார். "எங்கேயோ தூங்கறான்னு நினைச்சுக்கிட்டேன்."

மாற்றிவிடுவார் என்று ஒரு நொடி அவளுக்குத் தோன்றியது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எழுதுங்க," என்றார். அரைமணிக்குள் லெட்டி ஆற்றில் போய்விட்டாள். டார்க்கஸ் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றவில்லை. அழகாகத்தான் சொன்னார். கடைசிப் பத்தியை எழுதும்போது கண்ணீர் தாளில் விழாமல் இருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எல்லாம் முடிந்து தாள்களை அடுக்கினபிறகு கேட்டாள். "சார், ஒண்ணு கேக்கலாமா? தொப்பிக் கடை வச்சாளே, அவளை நான் எடுத்துக்கவா? பேரை மாத்திக்கறேன். ஊரை மாத்திக்கறேன்."

"எடுத்துட்டு என்ன பண்ணப்போறீங்க?"

"அப்புறம் என்ன ஆச்சுன்னு எழுதணும்."

அவர் நல்ல கையால் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "அவ உங்களோடவதான். நான் கொன்னது என்னோடவளை," என்றார். பிறகு, களைப்பாக இருக்கிறது, போய்வாருங்கள் என்றார்.

மூன்று பாகப் புத்தகத்தில் லெட்டி செத்தாள். நூலகங்களுக்குத் திருப்தி. பத்திரிகையில் வாசித்தவர்கள் அச்சுப்பிழையா என்று கேட்டு எழுதினார்கள். பாஸ்க் யாருக்கும் பதில் போடவில்லை.

டார்க்கஸ் தன் நாவலை எழுத இரண்டு குளிர்காலம் பிடித்தது. கணவன் இல்லாத ஒரு தொப்பிக்காரி, வளர்ந்து வருகிற மகன், எதிர்ப்பக்க நடைபாதையில் போகிற கிழவன். பாஸ்க் அதை வாசித்துவிட்டு, "இதுல யாருமே சாகலையே," என்றார். "கிழவனாவது?" "அவருக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு," என்றாள் டார்க்கஸ். இரண்டு பாகமாகத்தான் வந்தது. மூன்றாக இழுக்கச் சொல்லிப் பார்த்தார், அவள் மசியவில்லை. கடைசியில், அவள் சொந்தப் பேரிலேயே போட்டார்.

சுமாராகப் போயிற்று. மதிப்புரை ஒன்றே ஒன்று வந்தது. இந்த அம்மாள் செப்டிமஸ் ஹார்னைப் பார்த்து எழுதப் பழகியிருக்கிறார், அவருடைய அண்மைக்காலப் பாணியை அப்படியே காப்பியடிக்கிறார் என்று அது சொன்னது. டார்க்கஸ் அன்று இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. மதிப்புரை வந்த பத்திரிகையை ப்ரூ கிழித்து அடுப்பில் போட்டாள். "தண்ணி கொதிக்கவாவது உதவட்டும்," என்றாள். அப்புறம்தான் டார்க்கஸுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவளால் நிறுத்த முடியவில்லை.

ஹார்ன் அந்த நாவலை மனைவியை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மூன்றாம் அத்தியாயம் ரொம்ப நீளம் என்று சொல்லியனுப்பினார். டார்க்கஸ் எடுத்துப் பார்த்தாள். நீளம்தான். அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் அவள் ரிச்மண்டுக்குப் போய்வரலானாள். அவர் சொல்ல, அவள் எழுதினாள். அவருடைய அடுத்த கதையிலும் ஒருத்தி மலைமுகட்டிலிருந்து விழ வேண்டியிருந்தது. வேண்டாமே என்று டார்க்கஸ் வாதாடினாள். அடிலா தேநீரும் சீமைச்சோம்பு கேக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும்வரை வாதாடினார்கள். ஹார்ன் கேட்கவில்லை, கதையில் அந்தப் பெண்ணை முகட்டிலிருந்து தள்ளிவிட்டார். ஆனால் அதை எழுதச் சொல்லும் முன்னால், அவளுக்குப் பிள்ளைகுட்டி யாரும் இருக்கிறார்களா என்று டார்க்கஸிடம் ஒருதரம் கேட்டுக்கொண்டார்.