நாலரை மணித் தேநீர்

பழசை நினைக்கும்போதெல்லாம் தயாவதி டீச்சருக்கு முதலில் ஞாபகம் வருவது, சேறு சொட்டிய ஒரு வெள்ளைச் சீருடைதான்.

நாலு வருஷத்துக்கு முன்பு, கணவர் தர்மதாஸ் காலமான பிறகு, திருப்பருத்திக்குன்றத்து வீட்டை மைத்துனர் குடும்பத்திடம் விட்டுவிட்டு பிள்ளையார்பாளையத்தில் எட்டு வீடுகள் உள்ள ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் மாடிக்கு வந்தார் டீச்சர். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்தவர். கூடவே வந்தவை ஒரு தையல் மெஷினும் பதினேழு தொட்டிகளும். துளசி, எலுமிச்சைப்புல், கற்பூரவல்லி, புதினா என்று எல்லாம் தர்மதாஸ் கையால் வைத்தவை. தினமும் நாலரை மணிக்கு அவரே இலை கிள்ளிக் கொதிக்கவைத்து, பள்ளிக்கூடம் விட்டு வரும் மனைவிக்கு டம்ளரை நீட்டுவார். அவர் போன பிறகும் டீச்சர் கை, தன்னையறியாமல் இரண்டு டம்ளர் தண்ணீரைத்தான் அடுப்பில் வைத்தது.

ஆறு மாதம் அந்த மாடியில் யாரும் அவரோடு பேசவில்லை. எல்லாக் கதவும் மூடியே இருக்கும்.

ஒருநாள் சாயங்காலம் படபடவென்று கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு நர்ஸ் எஸ்தர். கையில் வெள்ளைச் சீருடை. அதில் செம்மண் கறை.

"என்னாம்மா இது? உங்க செடிக்கு ஊத்தற தண்ணியெல்லாம் எங்க கொடியில விழுந்துகினு இருக்குது. நாளைக்கு நான் எதைப் போட்டுக்கினு டூட்டிக்குப் போறது?"

கத்தியவளுக்குத் தொண்டை கட்டி, குரல் பாதியிலேயே நின்றுவிட்டது. டீச்சர் சீருடையை வாங்கி வாளியில் ஊறப்போட்டார். பிறகு, ஆளில்லாமல் ஆறிக்கொண்டிருந்த இரண்டாவது டம்ளரை எடுத்து நீட்டினார்.

"முதல்ல இதைக் குடிம்மா. அப்புறம் திட்டலாம்."

எஸ்தர் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "இஞ்சி போடலையா?"

"நாங்க சமணர்ம்மா. மண்ணுக்கடியில விளையறதைச் சாப்பிட மாட்டோம்."

"நல்லா இருக்குது. இஞ்சி இருந்தா இன்னும் நல்லா இருக்கும்," என்றவள், குடித்து முடிக்கும்வரை போகவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எஸ்தரே ஆட்களைத் திரட்டி, பதினேழு தொட்டிகளையும் கீழே, கார் நிறுத்துமிடத்தின் ஓரத்துக்கு இறக்கினாள். தொட்டி தூக்கியவர்களுக்கெல்லாம் டீச்சர் தேநீர் கொடுத்தார். எதிர்வீட்டு நெசவாளர் தணிகாசலம், டீச்சருக்குத் தையல் தெரியும் என்று கேட்டதும் வீட்டுக்கு ஓடி, தறியில் மிஞ்சிய பட்டுநூல் துண்டுகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். பழைய பிளாஸ்டிக் வளையலில் அந்த நூலை இடைவெளியில்லாமல் சுற்றிக் காட்டினார் டீச்சர். மயில்கழுத்து நிறத்தில் வளையல் பளபளத்தது. அதன் பிறகு ஞாயிறுதோறும் நாலரை மணிக்குக் கீழே பாய் விரிந்தது. எஸ்தர் வீட்டிலிருந்தே இஞ்சி துருவிக் கொண்டுவந்து தன் டம்ளரில் மட்டும் போட்டுக்கொள்வாள்.

கைலாசத்துக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. தரைத்தளத்துப் பின்வீட்டுக்காரர்.

"இது கார் நிறுத்தற இடம். உங்க இஷ்டத்துக்குப் பாய் போட்டுக்கினா எப்படி? என் வீட்டுக்காரி உடம்பு சரியில்லாம படுத்துக்கினு இருக்கா. சத்தம் ஆகாது."

அப்படி ஒருத்தி உள்ளே இருப்பதே பாதிப்பேருக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் மனைவி பொன்னிக்கு அதற்கு இரண்டு வருஷம் முன்பு பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் நடையும் மெல்லத் திரும்பின, கை திரும்பவில்லை. யார் கண்ணிலும் பட வெட்கப்பட்டு அவள் வாசல் பக்கமே வருவதில்லை.

மறுநாள் டீச்சர் ஒரு வளையலும் சிவப்பு நூலும் எடுத்துக்கொண்டு அவள் கட்டிலருகே போய் உட்கார்ந்தார்.

"டாக்டர் விரலை அசைக்கச் சொன்னாராம்ல. சும்மா எதுக்கு அசைக்கணும்? இதைச் சுத்தும்மா."

முதல் வளையலைச் சுற்றி முடிக்கப் பொன்னிக்கு ஏழு வாரம் ஆயிற்று. எட்டாவது வாரம் கைலாசமே அவளைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து பாயருகே நாற்காலி போட்டார். அன்றிலிருந்து அவர் கார் தெருவில்தான் நிற்கிறது.

போன மாதம் டீச்சருக்குக் காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் கதவு மெல்லத் தட்டப்பட்டது. திறந்தால், தனியாகப் பொன்னி நிற்கிறாள். மூச்சு வாங்குகிறது. வலது கையில் டம்ளர். தேநீரில் பாதி சேலையில் சிந்தியிருக்கிறது.

"நாப்பத்திரண்டு படி டீச்சர். எண்ணிக்கினே வந்தேன்."

வெளியே பொழுது சாய்ந்துவிட்டது. பொழுது சாய்ந்தால் டீச்சர் எதுவும் உண்பதோ குடிப்பதோ கிடையாது. பிறந்த வீட்டிலிருந்தே வந்த நோன்பு. அதை அவர் சொல்லவில்லை. டம்ளரை வாங்கி இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துக்கொண்டார். பொன்னி பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு யார் யார் வந்தார்கள், எஸ்தர் என்ன சொல்லிச் சிரித்தாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள்.