புரோஸ்டேட் அறுவைக்குப் பின் முதல் கார்ப் பயணம்: குனோங் ராபாட் முதல் சுங்கை சிப்புட் தோட்டம் வரை

அருவி, குகை என்று எழுதும் இந்த வலைப்பதிவில் இம்முறை வேறு சமாச்சாரம். ஏழு வாரத்துக்கு முன் கோலாலம்பூரில் எனக்கு ரோபோ மூலம் புரோஸ்டேட் சுரப்பியை எடுத்தார்கள். புற்றுநோய். வயிற்றில் ஆறு சின்னத் துளைகள். டாக்டர் என்னைத் தொடவே இல்லை, நாலடி தள்ளி உட்கார்ந்து இயந்திரக் கைகளை ஓட்டினார். பத்து நாள் சிறுநீர்க் குழாயும் பையும். குழாயை எடுத்த பிறகு ஒழுகல். சிரித்தால், தும்மினால், எழுந்தால் ஒழுகும். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு நிறையப் பேர் இருப்பீர்கள்.

பயணத்துக்குக் காரணம் என் தம்பி சேகர். கூடப் பிறந்தவருக்கும் வர வாய்ப்பு அதிகம், ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள் என்று டாக்டர் போகும்போதெல்லாம் சொன்னார். நான் சொல்லவில்லை. குடலிறக்க அறுவை என்று சொந்தபந்தம் முழுக்கப் பொய் சொல்லி வைத்திருந்தேன். அந்த இடத்தில் புற்றுநோய் என்றால் நம் ஆட்கள் முதலில் என்ன கேட்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். போன வாரம் என் மனைவி, "சேகருக்கு ஏதாச்சும் ஆனா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றாள். சனிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

காலை 8.10க்கு ஈப்போ குனோங் ராபாட்டில் உள்ள வீட்டை விட்டு வண்டியை எடுத்தேன். இருக்கையில் பிளாஸ்டிக் விரிப்பு, மேலே துண்டு. ஒழுகலை உறிஞ்சும் பேட் பத்து கொண்ட பொட்டலம் பதினெட்டு வெள்ளி (ரிங்கிட்). மூன்றை மட்டும் பையில் வைத்தேன், அது போதாது. நெடுஞ்சாலையைத் தவிர்த்துப் பழைய சாலையில் போனேன், நினைத்த இடத்தில் நிறுத்தலாம். சிம்மோர் கோப்பிக் கடையில் 8.50க்கு பால் இல்லாத ஒரு தேஓ (டீ) குடித்தேன். கழிவறை வாசலில் நான்கு பேர் நின்றார்கள். பேட்டை மாற்றாமலே வண்டியை எடுத்தேன். முட்டாள்தனம்.

சுங்கை சிப்புட் வரை 37 கிலோமீட்டர், அங்கிருந்து உள்ளே ஒன்பது. கடைசி இரண்டு செம்மண் பாதை, மணிக்கு இருபதுக்கு மேல் ஓட்ட முடியாது. ரப்பர்ப் பால்மரமெல்லாம் போய் இப்போது எண்ணெய்ச் செம்பனை. தோட்டத் தொழிலாளர் லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு வீடு, ஆள் இருப்பது நான்கில். சேகர் அங்கேதான் செம்பனை லாரி ஓட்டுகிறான். 9.45க்குப் போய் இறங்கினேன்.

"வாண்ணே! குடலு உள்ளயே இருக்கா, இல்ல வர்ற வழியில விழுந்துருச்சா லா?"

சிரித்துவிட்டேன். அவ்வளவுதான், கால்சட்டை முழங்கால் வரை நனைந்தது. சேகர் பார்த்தான். அவன் மனைவி கலா ஒரு கைலியைக் கொண்டுவந்து கொடுத்தாள். மாற்றிக்கொண்டு வந்து, உட்காராமலே சொன்னேன்.

"குடலிறக்கம் இல்லடா. கேன்சர். புரோஸ்டேட்ட எடுத்துட்டாங்க. நீயும் ரத்தம் டெஸ்ட் பண்ணணும்."

சேகர் உள்ளே போய் ஒரு பழுப்பு உறையோடு வந்தான்.

"மூணு மாசத்துக்கு முன்ன சீனிக்கு ரத்தம் எடுக்கப் போனேன். இதையும் சேத்துப் பாத்துட்டாங்க. நம்பர் ஏறிக் கெடக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன்னாங்க. பயமா இருந்துச்சுண்ணே. போகல."

கடிதத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்த தேதி தாண்டி இரண்டு மாதம். அந்தத் தேதி இருந்த வாரம்தான் நான் ஸ்கேனுக்குக் கோலாலம்பூர் போனேன். வாயைத் திறந்திருந்தால் அவனையும் இழுத்துக்கொண்டு போயிருப்பேன். என்மேலேயே ஆத்திரம் வந்தது.

கலாவுக்கு இரண்டுமே புதுச் செய்தி. "அண்ணனும் தம்பியும் நல்லா நடிச்சீங்க போங்க" என்று சொல்லி அடுப்படிக்குப் போனாள். அழுகிற சத்தம் கேட்டது.

சேகர் குரலைத் தாழ்த்தினான். "வலிக்குமாண்ணே?"

"வலி ஒரு வாரம். அப்புறம் இந்த ஈரந்தான் தொல்ல. கொறஞ்சுகிட்டு வருது."

"மத்தது?"

"இன்னும் இல்ல. வரலாம், வராமலும் போலாங்கறாரு டாக்டரு. உசுரோட நிக்கிறேன்ல?"

அவன் கடிதத்தை உறையில் போட்டு என் கையில் கொடுத்தான்.

அறுவைக்குப் பின் பயணம் போகிறவர்களுக்கு: டாக்டர் ஒப்புக்கொண்ட பிறகே வண்டி ஓட்டுங்கள். குறைந்தது ஆறு பேட் வேண்டும், கறுப்புக் கால்சட்டை இரண்டு. கழிவறையைப் பார்த்தால் வரிசை இருந்தாலும் நில்லுங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள், நான் குறைத்து எரிச்சலில் அவதிப்பட்டேன். சிறுநீரை அடக்குவது போல இறுக்கி விடும் இடுப்புத் தசைப் பயிற்சியைச் சிவப்பு விளக்கில் நிற்கும்போதும் செய்யலாம், யாருக்கும் தெரியாது. எனக்குப் பலன் தெரிய ஐந்து வாரம் ஆனது.

செவ்வாய்க்கிழமை சேகரை ஈப்போவுக்குக் கூட்டிப்போனேன். ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்க்கத் தேதி கொடுத்திருக்கிறார்கள். என்ன வருமோ தெரியாது. பதியும் இடத்தில் இருந்த மிஸ்ஸி (நர்ஸ்) அந்தப் பழைய கடிதத்தைப் பார்த்து, "குடும்பத்துல யாருக்கும் புற்றுநோய் இல்லன்னு சொல்லியிருக்கீங்க. அப்படித்தானே?" என்றார்.

சேகர் என்னைப் பார்த்தான்.

"இல்ல மிஸ்ஸி, மாத்தி எழுதுங்க" என்றேன். "அண்ணனுக்கு இருந்துச்சு. நான்தான் அண்ணன்."