இரண்டு பாதியும் சரிதான்

அச்சகத்தில் அவளுக்குப் ‘பாதி’ என்றே பெயர். கணக்கும் படமும் நிறைந்த புத்தகங்களைக் கணினியில் பக்கமாக்குவது அவள் வேலை. கட்டளைகளோடு எழுதிய கோப்பை ஓட்டினால் பக்கங்கள் வர வேண்டும். எங்கோ ஒரு பிழை இருந்தால் எதுவும் வராது. சம்பந்தமில்லாத இடத்தைக் காட்டிக் கணினி திட்டும். மற்றவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். அவளோ அலட்டிக்கொள்ளாமல் பாதிக் கோப்பை மறைத்துவிட்டு ஓட்டுவாள். ஓடினால், பிழை மறைத்த பாதியில். அதில் பாதி, பிறகு அதிலும் பாதி. கடைசியில் ஒரே ஒரு வரி தனியாக மாட்டிக்கொண்டு விழிக்கும். அந்தப் பொறுமைக்கே அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

வீட்டில்தான் அந்தப் பொறுமை செல்லுபடியாகவில்லை. காரணம், நாத்தனார். கணவனின் அக்கா, பள்ளியில் வேதியியல் ஆசிரியை, ஐம்பதை நெருங்கும்போது முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதத் துணிந்தவர். தெருவில் அவருக்கும் நல்ல பெயர், இவளுக்கும் நல்ல பெயர். காலையில் இருவரும் ஒரே சமையலறைக்குள் நுழைந்தால் போதும், பாத்திரங்கள் பேச ஆரம்பித்துவிடும். இவள் அடுப்பில் ஏற்றியதை அவர் இறக்குவார்.

ஆய்வேட்டையும் நாத்தனார் அதே கட்டளை முறையில்தான் தட்டினார். ஆனால் இவளிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை. கேட்டால் கிரீடம் இறங்கிவிடுமே! நீட்டித்துக் கொடுத்த கெடுவின் கடைசி நாளும் வந்தது. மாலை ஐந்துக்குள் பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றாவிட்டால் பதிவே ரத்து, இத்தனை வருட உழைப்பும் பாழ். மதியம் பார்த்துக் கோப்பு நின்றுவிட்டது.

அன்று இவளுக்கு விடுமுறை. நாத்தனார் மடிக்கணினியைக் கொண்டுவந்து இவள் முன்னால் வைத்தார். கண் கலங்கியிருந்தது. “கொஞ்சம் பாரேன்மா.”

அத்தியாயங்களைப் பாதி பாதியாகப் பார்த்தாள். பிழை இல்லை. பிறகு கோப்பின் தலையில், பக்க அமைப்புக்கு உதவும் துணைநிரல்கள். அடிக்குறிப்புக்கு ஒன்று, இணைப்புகளுக்கு ஒன்று. இரண்டில் எதை நீக்கினாலும் கோப்பு ஓடியது. இரண்டும் இருந்தால் நின்றது. இரண்டுமே வேண்டும். வாழ்க்கையில் முதல்முறையாகப் ‘பாதி’க்கு மறைக்க எந்தப் பாதியும் கிடைக்கவில்லை.

“தனித்தனியா ரெண்டும் நல்லாத்தானே இருக்கு? சேர்த்தா மட்டும் என்ன கேடு?” என்று நாத்தனார் வெடித்தார்.

“பத்து வருஷமா நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்” என்றான் அவர் தம்பி, அதாவது இவள் கணவன், வாசற்படியில் நின்றபடி.

இருவரும் ஒன்றாகத் திரும்பி அவனை முறைத்தார்கள். அந்த வீட்டில் அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.

அவள் மட்டும் சட்டென்று சிரித்துவிட்டாள். “அண்ணி, ரெண்டும் ஒரே அடுப்புல கை வைக்குது. முதல்ல வந்தது ஏத்தினதை அடுத்தது வந்து இறக்குது. எது முன்னாடி வரணும்னு மாத்திப் பாப்போம்.”

இரண்டு வரிகளையும் இடம் மாற்றினாள். ஓட்டினாள். பக்கங்கள் மடமடவென்று வந்தன. அடிக்குறிப்பு ஒன்றுகூட நகரவில்லை. ஐந்து அடிப்பதற்குள் ஆய்வேடு போய்ச் சேர்ந்தது. நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார், வெகுநேரம் விடவில்லை.

மறுநாள் காலை இருவரும் சமையலறை வாசலில் எதிரெதிரே நின்றார்கள்.

“நீ முன்னாடி போம்மா. நான் அப்புறம் வர்றேன்.”

“ஐயோ, நீங்க போங்க அண்ணி.”

“சொன்னா கேளு, நீ போ.”

அன்று எல்லோருக்கும் டீ போட்டது தம்பி.