இவன் என் மகன் என்று எழுதிய அட்டை

என் மகனுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. டெல்லியில் பிறந்த பிள்ளைகள் பாதிப் பேருக்கு இதே கதிதான். அந்தச் சனிக்கிழமை சாப்பாட்டு மேஜையில் சார்ட் அட்டையை விரித்துக்கொண்டு, "அம்மா, நீங்க எழுதிக் குடுங்க, நான் பாத்து வரைஞ்சுக்கிடுதேன்" என்றான். காய்கறிக்காரனின் பில்லுக்குப் பின்னால் எழுதிக் கொடுத்தேன். இவன் என் மகன். அதை அவன் தடித்த மார்க்கரில், நாக்கைக் கடித்துக்கொண்டு, சாயங்காலம் வரை வரைந்தான். இருபத்தெட்டு வயசுப் பிள்ளை ஒண்ணாங்கிளாஸ் மாதிரி உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

மறுநாள் பிரைடு ஊர்வலம். ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள், திருநங்கைகள், இவர்களைப் பெற்றவர்கள் என்று எல்லாரும் பாரகம்பா ரோட்டில் கூடி ஜந்தர் மந்தர் வரை நடப்பார்கள். தனக்குப் பெண்கள் மேல் நாட்டமில்லை என்று மகன் எங்களிடம் சொல்லி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான் அழுதேன், சாமியைத் திட்டினேன், அப்புறம் போதும் என்று எழுந்துவிட்டேன். பெற்ற பிள்ளையைத் தூக்கியா போட முடியும்? என் வீட்டுக்காரர் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. மத்திய சர்க்கார் அதிகாரி. பிடிக்காத ஃபைலை மேஜை ஓரத்தில் தள்ளி வைத்தே இத்தனை வருஷ சர்வீஸையும் ஓட்டிக்கொண்டிருப்பவர். மகனையும் அப்படித்தான் தள்ளி வைத்தார். ஒரே வீட்டில் இருவரும் ரொட்டியைத் தள்ளு, ரிமோட்டைக் கொடு என்பதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை.

"ஒரு தடவை அப்பா என்கூட நடக்கணும்மா. அட்டையைப் பிடிச்சுட்டுப் பக்கத்துல வந்தா போதும். இந்தத் தடவையும் மாட்டேன்னா நான் முனிர்காவுல ரூம் பாத்துட்டுப் போயிருவேன். கண்ணு முன்னால இருந்துக்கிட்டே இல்லாதவன் மாதிரி இருக்க முடியல" என்று மகன் என்னிடம் சொல்லியிருந்தான். அதை அப்படியே அவரிடம் சொன்னேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, "சரி, வாரேன்" என்றார். "ஆனா முதல்ல கோல் டாக் கானா பக்கத்துல இருக்கே, அந்தப் பழைய கதீட்ரலைப் பாப்போம். இத்தனை வருஷம் டெல்லியில இருந்தும் உள்ள போனதில்ல."

"சச்சி, அப்பா? நிஜமாவா?" என்று மகன் கேட்டான். என்னைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினான், பைத்தியக்காரன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மகனை ஷேவ் செய்யச் சொன்னார், புது நீலச் சட்டையைப் போடச் சொன்னார். எனக்குப் பட்டுச் சேலை எடுத்து வைத்தார். "சர்ச்சுக்கு எதுக்குங்க பட்டு?" என்றேன். "எல்லாம் ஒரு மரியாதைதான்" என்றார். பிரிந்து கிடந்த வீடு ஒன்றாகக் கிளம்புகிறதே என்ற சந்தோஷத்தில் நான் மேற்கொண்டு கேட்கவில்லை. புளியோதரை கிளறி டப்பாவில் அடைத்து எடுத்துக்கொண்டேன். வெளியே நவம்பர் மாசத்துப் புகை கண்ணைக் கரித்தது. மூவரும் மாஸ்க் போட்டுக்கொண்டு ஆட்டோவில் இடித்துப் பிடித்து உட்கார்ந்தோம். அட்டை சுருளாக மகன் மடியில் இருந்தது.

சர்ச் வாசலில் என் கால் தானாகவே செருப்பைக் கழற்றியது. அங்கே யாரும் கழற்றுவதில்லை, ஷூவோடுதான் போகிறார்கள். ஆனால் சுவரோரமாக ஏற்கனவே மூன்று ஜோடிச் செருப்புகள் வரிசையாக இருந்தன. "நம்மாளுக யாரோ வந்திருக்காங்க" என்று மகனிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

உள்ளே பூசை முடிந்து காலியாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரம். மகன் எனக்குக் கண்ணாடி ஜன்னல்களைக் காட்டிக்கொண்டே வந்தான். நடுப்பெஞ்சிலிருந்து மூன்று பேர் எழுந்தார்கள். என் வீட்டுக்காரர் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒருவர், அவர் மனைவி, பட்டுச் சேலையில் ஒரு பெண். "அட, நீங்களா சார்! என்ன ஆச்சரியம்!" என்றார் அந்த மனிதர். அவருக்கு நடிக்கவே வரவில்லை. மனைவிக்காரி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய மல்லிகையைப் பையிலிருந்து எடுத்து, "பூ வச்சுக்கோங்க" என்று என் தலையில் செருகினாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இங்கே நம் ஜனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வீட்டுக்குப் போகாமல் மலை மந்திர் முருகன் கோயிலில் தற்செயலாகச் சந்திக்கிற மாதிரி சந்திப்பார்கள். சரிப்படாவிட்டால் இரண்டு வீட்டுக்கும் தலைகுனிவு இல்லை. என் மகனுக்கு அந்தச் சூட்சுமம் தெரியும், அதனால் கோயிலுக்குக் கூப்பிட்டால் வரமாட்டான். சர்ச் என்றால் சந்தேகப்பட மாட்டான். மனுஷன் எப்படி யோசித்திருக்கிறார் பாருங்கள்!

மகன் சட்டையைக் குனிந்து பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

"இதுக்காகத்தான் வந்தீங்களாப்பா?"

"அரை மணி நேரம் பேசிட்டிருல. அதுக்கப்புறம் எங்க வேணாலும் போ" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

மகன் கத்துவான் என்று பயந்தேன். அவன் அந்தப் பெண்ணின் எதிரே போய் நின்று, "எனக்குப் பசங்களைத்தான் பிடிக்கும். உங்ககிட்ட மறைச்சுக் கூட்டிட்டு வந்திருக்காங்க. ஸாரி" என்றான். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. அவள் இவனை ஒன்றும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரைத்தான் பார்த்தாள். "அங்கிள், உங்களுக்கு இது முன்னாலயே தெரியுமா?"

அவர் கண்ணாடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவளுடைய அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மகன் அட்டையை எடுத்துக்கொண்டு அவர்களுக்கும் முன்னால் வெளியேறிவிட்டான்.

"நீங்கல்லாம் மனுஷனா?" என்று கத்தினேன். அந்த உயரக் கூரை அதையே எனக்குத் திருப்பிச் சொன்னது. "பெத்த பிள்ளை ஆசையா ஒண்ணு கேட்டான். அதை வச்சே அவனுக்குப் பொறி வச்சீங்களே! அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணிச்சு?"

"பாத்தா மனசு மாறும்னு நினைச்சேன்" என்றார்.

நான் செருப்பைத் தேடி மாட்டி ஓடுவதற்குள் மகன் போய்விட்டிருந்தான். ஆட்டோ பிடித்தேன். அவரும் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் நான் திட்டினேன், அவர் மாஸ்க்குக்குள் இருந்தார். பாரகம்பா ரோட்டில் ஒரே ஜனம், டோல் மேளச் சத்தம், வானவில் கொடிகள், இரும்புத் தடுப்புகளுக்கு ஓரமாக போலீஸ். அந்தக் கூட்டத்தில் பட்டுச் சேலையும் மல்லிகையுமாக நான் அலைந்தேன். யாரோ ஒரு பிள்ளை என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, க்யா லக் ரஹீ ஹோ!" என்று என் அழகைப் புகழ்ந்து கை தட்டியது. எனக்கு அழுகைதான் வந்தது.

அட்டைதான் முதலில் தெரிந்தது. ஒரு வயசான சர்தார்ஜி அதை இரண்டு கையாலும் தலைக்கு மேல் பிடித்திருந்தார். தலைகீழாக. அவருக்கு அது என்ன எழுத்து என்றே தெரியாதே, பாவம். பக்கத்தில் என் மகன் தரையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான். சுற்றிலும் ஒருத்தருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை. தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்ற நாங்கள் இருவரும் படித்தோம்.

"போங்க" என்றேன். "போய் நேராப் பிடிங்க. வேற ஒண்ணும் வேண்டாம். உங்க காலில வேணாலும் விழுதேன்."

அவர் ஒரு எட்டு வைத்தார். சத்தியமாக வைத்தார், நான் பார்த்தேன். அப்போது எதிரே யாரோ போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். அவர் மாஸ்க்கைக் கண் வரை ஏற்றிவிட்டு, "ஆபீஸ்ல யாராவது பாத்துருவாங்க" என்று திரும்பி நடந்தார்.

நான் தடுப்பைத் தாண்டிப் போய் அட்டையை நேராகத் திருப்பினேன். "ஓஹோ, மாஃப் கர்னா ஜீ" என்று சர்தார்ஜி மன்னிப்புக் கேட்டு வெட்கப்பட்டார். மகன் என்னைப் பார்த்தான். பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்தான்.

"அப்பா வந்தாராம்மா?"

"வந்தார்."

"அட்டையைப் பாத்தாரா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நாளைக்கு அவனிடம் சொன்ன பொய்களே போதும் என்று தோன்றியது. "படிச்சார்" என்றேன்.

"அச்சா" என்றான். அவ்வளவுதான். என் கையைப் பிடித்துக்கொண்டு ஜந்தர் மந்தர் வரை நடந்தான். அங்கே நடைபாதையில் உட்கார்ந்து புளியோதரையை சர்தார்ஜிக்கும் கொடுத்தான். தான் இரண்டு வாய் தின்றான். அப்புறம் என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, "நான் முனிர்காவுக்குப் போறேன். துணியை அப்புறமா எடுத்துக்கிடுதேன்மா" என்றான். அட்டையை என்னிடம் கொடுத்தான்.

வீட்டில் அவர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். "அவன் எங்க?" என்றார். நான் அட்டையை அவர் மடியில் வைத்துவிட்டுத் தலையிலிருந்து பூவை எடுத்தேன்.

மகன் துணிகளை இன்னும் எடுக்க வரவில்லை. யாராவது விசாரித்தால், "பையன் ஆபீஸ் பக்கத்துல ரூம் எடுத்திருக்கான்" என்கிறார் அவர். அட்டை அவருடைய பீரோவுக்கு மேல்தான் சாய்ந்து கிடக்கிறது, எழுத்து சுவரைப் பார்க்கிற மாதிரி.