பெமிலாவின் காருக்கு வந்த கம்பி

பத்துகாணிப் பக்கத்திலிருந்து நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளிகள் பெமிலாவைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டுக்காரர் சவூதிக்குப் போனபோது விட்டுச்சென்ற பழைய காரை அவள் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் காருக்கு ஒரே ஒரு குறை. மலை வளைவுகளில் திரும்பும்போது ஒரு பக்கமாகச் சாயும். ஆபரேஷன் தையலோடு பின்சீட்டில் கிடப்பவர்கள் பல்லைக் கடிப்பது கண்ணாடியில் அவளுக்குத் தெரியும். மெதுவாக ஓட்டிப் பார்த்தும் பிரயோசனமில்லை.

ஷார்ஜாவில் கார் சாமான் கடையில் வேலை பார்த்த தம்பி டெனிஷ் 2009 லீவுக்கு வந்தபோது, கட்டைவிரல் கனத்தில் வளைந்த ஒரு கம்பியைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தான். ‘ஸ்டெபிலைசர் பார்’ என்று அதற்குப் பெயர். பின்சக்கரங்கள் இரண்டையும் இது பிணைத்து வைக்கும், ஒரு பக்கம் தாழ்ந்தால் மறுபக்கம் விடாது என்றான்.

கருங்கலில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த ஜான்ரோஸ் அதை மாட்டுவதற்குள் படாதபாடு பட்டுவிட்டார். வெளிநாட்டு வண்டிக்குச் செய்த கம்பி, போல்ட் துளைகள் பொருந்தவில்லை. தள்ளி மாட்டினால் சைலன்சர் குழாயில் உரசியது. அதைச் சரிசெய்தால் கம்பியைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ் கீச்சென்று கத்தியது. ஆனால் முதல் வளைவில் கார் தட்டு மாதிரி சாயாமல் திரும்பியபோது பெமிலாவுக்கு நம்ப முடியவில்லை. திரும்பி வந்து அதே வளைவில் மறுபடியும் ஓட்டிப் பார்த்தாள்.

ஜூன் மழை தொடங்கிய அன்று தையல் பிரிக்கப் போகிற ரசலையன் பின்சீட்டில் கிடந்தார். அருமனை இறக்கத்தில் வளைவின் நடுவே அவள் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். காரின் பின்பாகம் தனியாக வெளியே போயிற்று. சாலை இருந்த இடத்தில் ரப்பர் மரங்கள் வந்து நின்றன. அவள் பிரேக்கைத் தொடவில்லை. பின்பாகம் போன திசைக்கே ஸ்டியரிங்கைத் திருப்பினாள். கார் ஒருமுறை மறுபக்கம் ஆடி, பிறகு நேரானது.

பின்னாலிருந்து ரசலையன் கேட்டார்: “மக்கா, நம்மள யாரும் பின்னால நிண்ணு தள்ளினாவளா?”

“இல்ல மாமா. வண்டிதான்.”

அவரை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு அவள் நேரே கருங்கலுக்கு வண்டியை விட்டாள்.

மழைச்சாலை வழுக்கத்தான் செய்யும் என்றார் ஜான்ரோஸ். அவள் வாதாடவில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் அவரை வட்டமாக ஓட்டச் சொல்லிவிட்டு, நனைந்த மண்ணில் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தாள்.

கார் திரும்பியது. உள்பக்கப் பின்சக்கரம் மெல்ல எழும்பியது. உள்ளங்கை நுழையும் அளவுக்குத் தரையை விட்டு, தண்ணீர் சொட்ட, அந்தரத்தில் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அத்தனை கனமான வண்டி மூன்று சக்கரத்தில் போய்க்கொண்டிருந்தது. பெமிலாவுக்குக் கைகாட்டி நிறுத்தத் தோன்றவில்லை. அந்த ஒரு கம்பியா இதைத் தூக்குகிறது?

பிறகு அவள் ஓட்ட, அவர் நின்று பார்த்தார். பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டார்.

கம்பியின் இரு முனையிலும் வரிசையாகத் துளைகள் இருந்தன. சாயவே கூடாது என்று, மிக இறுக்கமாகப் பிடிக்கும் உள்துளையில்தான் அவர் மாட்டியிருந்தார். பின்டயர்களும் தேய்ந்திருந்தன. முன்பக்கம் சாதாரணமாக இருக்க, பின்பக்கம் மட்டும் விறைத்துப்போனதால் மழையில் பிடி விட்டுவிட்டது.

டெனிஷ் போனில் பதறிப்போய், அந்தச் சனியனைக் கழற்றி எறியச் சொன்னான்.

“வேண்டாம். அதுக்கு இவ்வளவு பலம் உண்டுன்னு நமக்குத் தெரியாமப் போச்சு, கேட்டியா? அவ்வளவுதான்” என்றாள் அவள்.

ஜான்ரோஸ் கம்பியை இறுக்கம் குறைந்த கடைசித் துளைக்கு மாற்றினார். புது டயர்கள் போட்டு, புஷ்ஷுக்குக் கிரீஸும் வைத்தார். நல்ல மழையாகப் பார்த்து அவள் தனியாக அருமனை இறக்கத்தில் போய்வந்தாள். கார் கொஞ்சம் சாய்ந்தது, முன்னளவுக்கு இல்லை. பின்பாகம் கூடவே வந்தது. அதற்குப் பிறகே ஆளை ஏற்றினாள். தையலோடு திரும்பியவர்கள் சிலர் வழியிலேயே தூங்கிப்போனார்கள்.

பல வருஷம் கழித்தும், மார்த்தாண்டத்தில் பஸ்கள் திரும்பும் இடத்தில் நின்றால் பெமிலாவின் பேச்சு பாதியில் நின்றுவிடும். கண் சக்கரங்களுக்குப் போய்விடும்.