மாதம் ஒரு வெள்ளிக்கிழமை

எனக்கு மாதவிடாய் நின்று நான்கு வருடம். யாரும் கிழவி என்று சொல்லிவிடக் கூடாதே என்று, மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து நடித்த அற்பப் பிறவி நான்.

குருண் டவுனில் இருக்கும் பல் கிளினிக்குக்கு இம்ப்ளாண்ட் பல் பொருத்தப் போனேன். எங்கள் கோயிலுக்கு வரும் மாலாதான் அங்கே தாதி. அவள் நீட்டிய படிவத்திலும், மாதவிடாய் ஒழுங்காக வருவதாகவே எழுதினேன்.

ஒரே வருடத்தில் பல் ஆடியது. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "மாசாமாசம் வர்றது நின்னுடுச்சாக்கா?" என்றார். தலையாட்டினேன்.

"ஹார்மோன் குறைஞ்சா தாடை எலும்பும் மெலியலாம் லா. முன்னமே சொல்லியிருந்தா எலும்பை டெஸ்ட் பண்ணிட்டுத்தானே போட்டிருப்பேன்?"

வெளியே வந்ததும் மாலா கிசுகிசுத்தாள்: "எனக்கும் நின்னு ரெண்டு வருஷம் ஆச்சுக்கா. நானும் மாசம் ஒரு வெள்ளி கோயிலுக்கு வர்றதில்ல."

தூ! இவளுக்குப் பயந்தா நான் என் பல்லைத் தொலைத்தேன்?